அரங்கேற்றம் இல்லாத படிப்பு

லண்டனில் ஐந்து மாதம் இருந்தபோது பாலே நடனம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் இரண்டு கேள்விகளில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "சின்ன வயசு ஆசையாக்கும்?" என்பது ஒன்று. "அரங்கேற்றம் எப்போ?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்கிறவர்கள் நல்லவர்கள். என்மேல் இரக்கம் கொண்டவர்கள். ஏழு வயதில் காலில் கட்டியிருக்க வேண்டிய சலங்கையை யாரோ பிடுங்கி வைத்துவிட்டார்கள், நாற்பத்தாறு வயதில் பாவம் அதைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள் என்று மனத்துக்குள் ஒரு கதையை எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். இந்தக் கதையை எந்தப் பத்திரிகை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். சங்கடம் என்னவென்றால், அது நடக்கவில்லை.

சின்ன வயதில் எனக்கு நாட்டிய ஆசையே கிடையாது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நாட்டிய வகுப்பு ஒன்று நடந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குத் தட்டுக்கழிச் சத்தம் ஆரம்பிக்கும். என் வயதுப் பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். அந்தச் சத்தம் காதில் விழாத இடமாகப் பார்த்து, கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து புஸ்தகம் படிக்கிற பெண் நான். "நீயும் போயேண்டி" என்று அம்மாகூடச் சொன்னாள். மாட்டேன் என்று சொன்னது நான்தான். ஆகையால் பறிகொடுத்ததும் இல்லை, மீட்டதும் இல்லை. நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு ஆசை வந்தது, அவ்வளவுதான். புதிய ஆசை வருகிற வயது தாண்டிவிட்டது என்று யாரோ தீர்மானம் செய்துவைத்திருப்பதால், எந்த ஆசை வந்தாலும் அது பழையதாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுகிறார்கள்.

நான் லண்டனுக்குப் போனது தங்கையின் பிரசவத்துக்கு. அவளுக்கு முப்பத்தேழு வயது, தலைப் பிரசவம். அம்மா போய்விட்ட குடும்பத்தில் அக்காதானே அம்மா? ஆறு வாரம் முன்னதாகவே வரும்படி மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பினார். சுக்கும் ஓமமும் வசம்பும் பழைய வேட்டித் துணியுமாக ஒரு பெட்டியை நிரப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஆறு வாரமும் எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது என்று. தங்கை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்னைவிட நன்றாக ரசம் வைப்பார். எழுதலாம் என்று கொண்டுபோன நாவலோ மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டமாட்டேன் என்று படுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த தெரு நூல்நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். 'வயது வந்தவர்களுக்கு பாலே. இதுவரை ஆடியே இராதவர்களுக்கு. செவ்வாய் மாலை.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'வியாழன்: நவீன நடனம்.' இடம், மாதா கோவிலை ஒட்டிய கூடம். தாளை மூன்று தரம் படித்தேன். 'இதுவரை ஆடியே இராதவர்களுக்கு' என்ற தகுதியை உலகத்தில் என்னைவிட நிறைவாகப் பெற்றவர்கள் அதிகம் இருக்க முடியாது.

"சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன் வீட்டில்.

"பாலேயா! நீயா அக்கா?" என்று தங்கை அந்தப் பெரிய வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு, தனக்கு அப்போது போட்டுக்கொள்ள முடியாமல் கிடந்த கறுப்புக் கால்சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மெல்லிய துணிச் செருப்பு ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. அதில் எலாஸ்டிக் பட்டையை நாமே தைத்துக்கொள்ள வேண்டும். பாலே என்றதும் நம் ஜனங்களுக்கு நுனி விரலில் நிற்கிற கட்டைச் செருப்புத்தான் ஞாபகத்துக்கு வரும். அதெல்லாம் பல வருஷப் பயிற்சிக்கும் கணுக்கால் பலத்துக்கும் பிறகு வருகிற சமாசாரம். எங்கள் கூடத்தில் அதன் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

முதல் நாள் பதினோரு பேர் இருந்தோம். இரவு வேலைக்குப் போகுமுன் வருகிற ஒரு நர்ஸ், கல்லூரிப் பெண்கள் இருவர், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, இப்படிப் பல தரம். எல்லாரையும்விட மூத்தவர் எழுபத்தோரு வயதுக் கிழவர்; கணக்கர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வழுக்கைத் தலையும், சாம்பல் நிறக் காலுறையும், நிமிர்ந்த முதுகுமாக ஜன்னலோரம் நிற்பார். இவரைப் பற்றியும் நான் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன், இறந்துபோன மனைவி நடனக்காரி, அவள் நினைவுக்காக வருகிறார் என்கிற மாதிரி. மூன்றாம் வாரம் கேட்டேவிட்டேன். "முதுகு வலி. டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பாக இருந்தது" என்றார். மனைவி சௌக்கியமாக வீட்டில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஆசிரியைக்கு அறுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் நடனக் குழுவில் பின்வரிசையில் ஆடியவர். முன்வரிசைக்கு வராததில் அவருக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. பின்வரிசையில் நின்றவர்களுக்குத்தான் எல்லாருடைய காலும் தெரியும் என்று ஒருமுறை சொன்னார்.

பாலே வகுப்பு சுவரோரத்தில் ஆரம்பிக்கிறது. இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளக் கட்டை. 'பார்' என்று பெயர். அதை ஒரு கையால் லேசாகப் பற்றிக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நின்று, முழங்காலை மடக்கி நிமிர்வது முதல் பாடம். 'பிளியே' என்பார்கள். மடக்குதல் என்று அர்த்தம். பிறகு காலை நீட்டித் தரையைத் தேய்ப்பது 'தாந்த்யூ'. குதிகாலைத் தூக்கி எழும்புவது 'ரெலெவே'. சொற்கள் எல்லாம் பிரெஞ்சு. லண்டனில் மட்டுமல்ல, மாஸ்கோவிலும் டோக்கியோவிலும் பிரெஞ்சுதான். பதினாலாம் லூயி ராஜா 1661-இல் பாரிஸில் நடனத்துக்கென்று ஒரு கழகம் ஏற்படுத்தினான். அவனே ஆடுகிறவன். பதினாலு வயதில், 1653-இல், ராத்திரி முழுவதும் நடந்த ஒரு ஆட்டத்தின் முடிவில் உதய சூரியனாக வேஷம் கட்டி வந்தான். 'சூரிய ராஜா' என்ற பட்டத்துக்கு அந்த வேஷம்தான் துணை. அவனுடைய நடன ஆசான் பொஷாம் வகுத்தவை என்று சொல்லப்படும் ஐந்து நிலைகளில்தான் இன்றைக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் எழுபத்தோரு வயதுக் கிழவரும் பாதத்தை வைக்கிறார்கள். பெரிய அரங்குகளில் ஆடுகிற நட்சத்திரங்களும் தினம் காலையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு பிளியேயில்தான் தொடங்குகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்தப் பெரிய சங்கீத வித்வானும் காலையில் எழுந்து ஸ்வரத்திலிருந்து தொடங்குகிறவர்தானே?

பிளியேயை முதலில் பார்த்தபோது, அட, இது நம்முடைய அரைமண்டி அல்லவா என்று தோன்றிற்று. அதே மாதிரி வெளிப்பக்கம் விரிந்த முழங்கால், அதே மாதிரி நேரான முதுகு. இரண்டு வாரத்துக்குப் பிறகு அது மேலோட்டமான ஒற்றுமை என்று தெரிந்தது. அரைமண்டி ஒரு வீடு. அங்கேயே குடியிருந்துகொண்டு அடவு தட்ட வேண்டும். பிளியே ஒரு வாசற்படி. இறங்குவதே ஏறுவதற்காக. இறங்கிய இடத்தில் தங்கினாயானால் ஆசிரியை, "அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்? எழுந்து வாருங்கள்" என்பார். இன்னொரு வித்தியாசம், சத்தம். நம் நாட்டியத்தில் பாதம் தரையோடு பேசவேண்டும். தட்டின தட்டு கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். பாலேயில் குதித்து இறங்குகிறவள் பூனை மாதிரி இறங்க வேண்டும். பதினோரு பேரும் முதல்முறை குதித்தபோது கூடத்தின் பலகைத் தரை இடி இடித்தது. ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு, "உருளைக்கிழங்கு மூட்டையை யார் கொட்டினது?" என்றார்.

பாதத்தை வெளியே திருப்புவது முழங்காலிலிருந்து அல்ல, தொடை இடுப்போடு சேருகிற மூட்டிலிருந்து வரவேண்டும். குழந்தைப் பருவத்திலேயே பழகினவர்களுக்கு அந்த மூட்டு கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். நாற்பதுக்கு மேல், கடவுள் எவ்வளவு திருப்பிக் கொடுத்தாரோ அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டும் என்று பாதத்தை மட்டும் திருகினால் முழங்கால் பழிவாங்கிவிடும். என் பாதங்கள் கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிஷம் காட்டுகிற மாதிரிகூடத் திரும்பவில்லை. பதினொன்று ஐந்தோடு நின்றுவிட்டன. "போதும், அது உங்களுடையது" என்றார் ஆசிரியை. முழங்கால் கால்விரல்களுக்கு நேர் மேலே வருகிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். எத்தனை தூரம் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

குழந்தை எப்படிக் கற்கிறது? பார்க்கிறது, செய்கிறது. ஏன் என்று கேட்பதில்லை. வயது வந்தவர்கள் அப்படி இல்லை. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஏன் ஏன் என்று துளைத்துவிடுவோம். ஏன் கட்டை விரலைக் கடைசியில் எடுக்க வேண்டும்? ஏன் தலை இந்தப் பக்கம் சாயவேண்டும்? ஆசிரியைக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பதில் புரிந்துவிட்டதாலேயே காரியம் ஆகிவிட்டது என்று ஒரு பிரமை எங்களுக்கு. எனக்குத் தலையில் எல்லாம் நன்றாக விளங்கும். தலை விளங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் உட்கார்ந்திருக்கும்; கால் இன்னும் இங்கேயே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். முப்பது வருஷமாக உடம்பு என்பது தலையைச் சுமந்துகொண்டு மேஜைக்கும் அடுப்படிக்கும் நடக்கிற வாகனமாக மட்டும் இருந்துவிட்டபடியால், அதற்கென்று தனியே ஒரு மெதுவான புத்தி உண்டு என்பதை நான் கவனித்ததில்லை. அது ஒரு விஷயத்தைக் கற்க மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கற்றுவிட்டால், தலை மறந்த பிறகும் மறப்பதில்லை.

பாலேயைப் பெரியவளான பிறகு கற்றவர்களில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ருக்மிணி தேவி அருண்டேல் 1904-இல் பிறந்தவர். 1920-களின் கடைசியில், ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் சிநேகம் அவருக்கு ஏற்பட்டது. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாலே கற்றுக்கொண்டார். அப்போதே கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருபது வயதைத் தாண்டியவர். பாலே உலகில் அது கிழப்பருவம். உன் தேசத்து நடனத்தைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான் என்பார்கள். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். முப்பத்தோரு வயது. அந்த பாலேயால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. அவர் பாலே மேடையில் பிரசித்தி பெறவில்லை. ஆனால் உடம்பை ஒரு ஆசிரியையின் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கிற அநுபவத்தை அவர் முதலில் அங்கேதான் பெற்றார். வயது வந்த பெண்ணுக்கு அது லேசில் வருகிற காரியம் அல்ல.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. பாலசரஸ்வதி 1925-இல், ஏழாவது வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். அவர் பிறந்த மரபில் அதுதான் முறை. கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோவிலுக்கு உரியவராக ஆடியவர். அவர்களுக்கெல்லாம் நடனம் என்பது ஒரு நாள் புதிதாக வந்த ஆசை அல்ல. பிறப்போடு வந்த தொழில், பிழைப்பு, சமயங்களில் வசை. நாற்பத்தாறு வயதில் 'எனக்கு இப்போதுதான் தோன்றிற்று' என்று போய்க் கட்டையைப் பிடிக்கிற சௌகரியம், சோற்றுக்கு அதை நம்பியிராதவர்களுக்குத்தான் உண்டு. அந்தக் கூடத்தில் இருந்த பதினோரு பேருக்கும் அது உண்டு. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

தாமதமாகக் கற்பதில் உள்ள அபாயம் வேறொரு பெண்ணின் கதையில் இருக்கிறது. நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி ஸெல்டா சிறுமியாக இருந்தபோது பாலே கற்று விட்டுவிட்டவள். இருபத்தேழு வயதில் மறுபடி பிடித்துக்கொண்டாள். பாரிஸில் யெகோரோவா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் நாள் முழுவதும் பயிற்சி. வீடு, குழந்தை, சாப்பாடு எல்லாம் இரண்டாம்பட்சம். 1929-இல் நேப்பிள்ஸ் நகரத்து ஸான் கார்லோ அரங்கில் ஆட அழைப்புக்கூட வந்தது. போகவில்லை. 1930 ஏப்ரலில் சித்தம் கலங்கி வைத்தியசாலைக்குப் போனாள். கணவன் கேட்டதற்கு யெகோரோவா, அவள் நல்ல நர்த்தகியாக முடியும், ஆனால் முதல் நட்சத்திரமாக முடியாது, ஆரம்பித்தது தாமதம் என்று பதில் எழுதினாள். பாலேதான் அவளைக் கெடுத்தது என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. அந்த வீட்டில் வேறு துன்பங்களும் இருந்தன. ஆனால் அவள் தேடியது பறிபோன பன்னிரண்டு வயதை. கிடைக்காததைத் தேடுகிறவளுக்குக் கையில் கிடைத்தது எதுவும் போதாது. என்னைப் பார்த்து, "சின்ன வயசு ஆசையாக்கும்?" என்று யாராவது கேட்கும்போது எனக்கு ஸெல்டாவின் ஞாபகம் வந்து லேசாகப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை வகுப்பு வேறு உலகம். செருப்பு கிடையாது, கட்டை கிடையாது. வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து தொடங்கும். சொல்லிக் கொடுத்தவர் ஒரு இளைஞர். அவர் கற்றது அமெரிக்காவில் மார்த்தா கிரஹாம் உண்டாக்கிய முறை. கிரஹாம் நாட்டியப் பள்ளியில் சேர்ந்ததே 1916-இல், இருபத்திரண்டு வயதில். தாமதம்தான். ஆனாலும் எழுபது வயது தாண்டியும் மேடையில் நின்றார். 1930-இல் அவர் அமைத்த 'புலம்பல்' என்ற ஆட்டத்தில், பை மாதிரித் தைத்த ஒரு நீளத் துணிக்குள் நுழைந்துகொண்டு, பெஞ்சியில் உட்கார்ந்தபடியே ஆடுவார். முகமும் கையும் பாதமும் மட்டும் வெளியே தெரியும். துணி இழுபடுகிற கோடுகளில்தான் துக்கம் இருக்கும். இந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ராபின் ஹவார்ட் என்ற ஹோட்டல்காரர். இரண்டாவது உலக யுத்தத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். கிரஹாமின் குழு 1954-இல் லண்டனில் ஆடியபோது பார்த்து, அதிலேயே மனத்தைப் பறிகொடுத்து, தம் சொத்தை எல்லாம் அதில் போட்டு, 1966-இல் ஒரு பள்ளியை ஆரம்பித்துவைத்தார். நான் என் முழங்காலைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள நினைத்த போதெல்லாம் இந்த மனிதரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கிரஹாம் முறையின் ஆதாரம் 'கன்ட்ராக்ஷன்', 'ரிலீஸ்' என்ற இரண்டு சொற்கள். மூச்சை வெளியே விடும்போது அடிவயிறு உள்வாங்கி, முதுகெலும்பு வில்லாக வளைகிறது. மூச்சை இழுக்கும்போது நிமிர்ந்து திறக்கிறது. எந்த அசைவும் நடு உடம்பிலிருந்து புறப்பட்டுத்தான் கைக்கும் காலுக்கும் வரவேண்டும். இளைஞர் செய்து காட்டினபோது எனக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில், கட்டிக்கொண்டு அழுகிற ஸ்திரீகளின் முதுகு வளைவது இப்படித்தான். குரல் பிறகுதான் வரும்; முதலில் வயிறு சுருங்கும்.

வீட்டில் வந்து அந்தச் சொல்லைச் சொன்னேன். தங்கை, "மருத்துவச்சியும் அந்த வார்த்தையைத்தான் ஓயாமல் சொல்கிறாள்" என்றாள். அப்போதுதான் உறைத்தது. பிரசவ வலிக்கும் இங்கிலீஷில் அதே சொல்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது தங்கை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். செல்போன் பைக்குள் இருந்தது. வகுப்பு முடிந்து பார்த்து, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனால், பொய் வலி, வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். தங்கை சோபாவில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"நீ எனக்காக வந்தியா, ஆட்டம் கத்துக்க வந்தியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சமையலறைக்குள் போய்விட்டார்.

"என்னால குனிஞ்சு செருப்புப் போட முடியலை. உடம்பு என்னுதாவே இல்லை. நீ என்னடான்னா என் பேண்டைப் போட்டுண்டு குதிச்சிட்டு வரே" என்று சொல்லி அழுதாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் போனதிலும் நியாயம் இருந்தது. வாரத்தில் மூன்று மணி நேரம், யாருக்கும் அக்காவாகவும் பெரியம்மாவாகவும் இல்லாமல், ஒரு ஜோடிக் கணுக்காலாக மட்டும் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது. இதை நம் குடும்பங்களில் வாய்விட்டுச் சொல்ல வார்த்தை கிடையாது. கோவிலுக்குப் போகிறேன் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். டாக்டர் சொன்னார் என்றாலும் கேட்கமாட்டார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடித்திருக்கிறது என்றால், எதற்கு என்பார்கள். "குழந்தை பிறக்கிறவரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆனால் போவேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ" என்றாள். அந்தப் 'போ'வில் கோபம் எவ்வளவு, சம்மதம் எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை.

ஆசிரியை கூடத்துப் பியானோவின் மேல், தம் கண்ணில் படுகிற மாதிரி, என் போனை வைத்துக்கொண்டார். மணி அடித்தது ஒரு வியாழக்கிழமை. ஆனால் வகுப்பு நேரத்தில் அல்ல, விடியற்காலை மூன்று மணிக்கு, மாப்பிள்ளை பக்கத்து அறையிலிருந்து.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட்டார்கள். படுத்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை, நின்றால் நல்லது என்று மருத்துவச்சி சொன்னாள். தங்கை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி வரும்போது முழங்காலை மடக்கி இறங்கச் சொன்னாள் மருத்துவச்சி. முதுகை வளைக்கச் சொன்னாள். மூச்சை வெளியே விடச் சொன்னாள். நான் எதிர்ப்பக்கம் நின்று அவளோடு சேர்ந்து இறங்கினேன், ஏறினேன். "முழங்கால் விரலுக்கு நேரே இருக்கட்டும்" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. தங்கை அந்த வலிக்கு நடுவிலும் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இதுதானா அக்கா உன் பாலே?" என்றாள். சிரித்தாளோ அழுதாளோ தெரியாது. அடுத்த வலி வந்துவிட்டது.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்.

அதன் பிறகு என் கைக்கு வேலை வந்தது. குளிப்பாட்டுவதும், மருந்து அரைப்பதும், இரவில் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுமாக மூன்று மாதம் ஓடிற்று. வியாழக்கிழமையை விட்டுவிட்டேன், செவ்வாயை விடவில்லை. ஐந்தேகால் ஆனதும் தங்கையே, "நேரமாச்சு, கிளம்பு" என்பாள். ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறை மேடையைப் பிடித்து எனக்குத் தெரிந்த நாலு அசைவுகளையும் அவளே செய்துபார்த்தாள். அவளுடைய தொடை மூட்டு என்னுடையதைவிட நன்றாகத் திரும்புகிறது.

அரங்கேற்றம் எப்போ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. அந்தக் கூடத்தில் அரங்கேற்றம் கிடையாது, பரீட்சை கிடையாது, அந்தப் பெரியவர் அங்கே ஒன்பது வருஷமாக ஆரம்ப வகுப்பில்தான் இருக்கிறார். நம் ஊரில் எந்தப் படிப்பையும் ஒரு மேடையில் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. எத்தனையோ பெண்கள் அந்தப் போட்டோவோடு சலங்கையையும் சேர்த்துப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதும் நாம் அறிந்ததுதான்.

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின செவ்வாய், கடைசி வகுப்பு. நான் போகப்போவது ஆசிரியைக்குத் தெரியும். இருந்தும் அவர் விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைப் போட்டார். கட்டையைப் பிடித்தோம். பிளியேயில் இறங்கினோம். என் இடது முழங்கை, முதல் நாள் தொங்கினமாதிரியே தொங்கிற்று. அவர் கூடத்தின் மறுகோடியிலிருந்து நடந்து வந்து, இரண்டு விரலால் அதை ஒரு அங்குலம் தூக்கி நிறுத்திவிட்டு, அடுத்தவரிடம் போனார்.